காணிக்கைக் கொடி

வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது, நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதுதான் வழி என்று உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் அந்தச் செடியை வளர்த்தவரின் வீட்டு வாசலில் நின்று அதையே சொல்லும்போது நாக்கு எப்படி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை ஒருவரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். தோட்டக்கலைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிற என்னிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். கேட்டது உங்கள் தலையெழுத்து. எஸ்தர் சிஸ்டரின் திராட்சைக் கொடியைப் பற்றி எழுதுகிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் திராட்சையா என்று சிரிக்காதீர்கள். சிவகாசிப் பக்கம் மாறுதலாகி வந்த புதிதில் நானும் சிரித்தவள்தான். மிளகாய் உண்டு, பருத்தி உண்டு, மழை பொய்த்தால் இரண்டும் இல்லை. அப்படிப்பட்ட மண்ணில், எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம், பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கே மட்டும் பல வீடுகளில் முற்றத்துக்கு மேலே பன்னீர் திராட்சைப் பந்தல் நிற்கும். அத்தனையும் ஒரே கொடியின் பிள்ளைகள். தாய்க்கொடி எஸ்தர் சிஸ்டர் வீட்டுக் கிணற்றடியில் இருந்தது.

சிஸ்டர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஊரே அவரைச் 'சார்' என்றுதான் கூப்பிடும், சிஸ்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். சார் திராட்சை விளைகிற கம்பம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஊன்றியதுதான் அந்தக் கொடி. சார் போய்ச் சேர்ந்த பிறகு சிஸ்டருக்குப் பேச்சுத்துணையே அதுதான் என்று ஊரில் சொல்வார்கள். நான் முதல்முறை போனபோது கொடியோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவுமில்லை.

அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வருடா வருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைந்ததில் நல்லதாகப் பார்த்து, முதலில் வந்ததாகப் பார்த்து, கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். முருங்கைக்காய், பூசணி, சேவல், எல்லாம் ஏலத்துக்கு வரும். சிஸ்டர் தன் பங்குக்கு, கவாத்து செய்து வெட்டிய குச்சிகளை பாலித்தீன் பைகளில் வேர்விடச் செய்து வரிசையாகக் கொண்டுபோய் வைப்பார். சிஸ்டரின் கைராசிக்காகக் கோயிலுக்கு வெளியே இந்து வீட்டு ஆட்களும் வந்து நின்று ஏலம் கேட்பார்கள். அப்படித்தான் அந்தக் கொடி ஊரெல்லாம் பரவியது.

அப்படி எடுத்தவர்களில் ஒருவர் செல்வம். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். அவர் மனைவி காளீஸ்வரியும் ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து ஆலையில் ஒரு விபத்து. அன்றைக்கு ஓடி வெளியே வந்தவள் அதற்குப் பிறகு ஆலைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இருந்த நிலத்தில் கிணற்றைத் தூர்வாரி, சில வருடங்களாகச் சிஸ்டரிடம் வாங்கிய கன்றுகளை வைத்து, ஒரு ஏக்கருக்குக் கல்தூண் ஊன்றிப் பந்தல் போட்டார்கள். செல்வமும் வேலையை விட்டுவிட்டார்.

ஒருநாள் செல்வம் கையில் ஒரு இலையோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"மேடம், இங்கனயும் அங்கனயுமா சில கொடியில மட்டும் இலை செவந்துபோய் கீள்ப்பக்கமாச் சுருளுது. அதுல பளம் நெறமே ஏற மாட்டேங்கு. புளிப்பு வேற. ரெண்டு தடவை கந்தகம் அடிச்சிட்டேன், ஒண்ணும் கேக்கல."

"கந்தகம் எதுக்கு அடிச்சீக?"

"கந்தகத்துக்கு அடங்காத சீக்கு உண்டா மேடம்? நான் அதுக்குள்ளயே பெறந்து வளந்தவன்."

இதைப் பட்டாசுக்குக் கந்தகம் கலக்கிற சிவகாசிக்காரர் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. சாம்பல் நோய்க்குக் கந்தகம் நல்ல மருந்துதான், அதற்காக எல்லாவற்றுக்குமா? வெயிலில் அடித்த கந்தகத்தில் நல்ல இலைகளும் கருகியிருந்தன. அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு தோட்டத்துக்குப் போனேன்.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கைபேசியில் இலையைப் படம்பிடித்து அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை மரத்தடியில் உட்காராதீர்கள். இலை பாதிக் கதைதான் சொல்லும். தோட்டத்தைச் சுற்றி நடந்தால் மீதியும் தெரியும். சத்துக் குறைபாடாக இருந்தால் ஒரு பக்கமாக, மண்ணை ஒட்டித் திட்டுத்திட்டாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அப்படியில்லை. பச்சைப் பந்தலுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புக் கொடிகள். நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் சிவப்பு. பட்டையை உரித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி, மேலே எறும்பு வரிசை.

"இந்தக் கொடி எல்லாம் எப்ப வச்சது?" என்று கேட்டேன்.

காளீஸ்வரிதான் பதில் சொன்னாள். "பட்டுப்போன எடத்துல எல்லாம் போன ரெண்டு பண்டிகையில எடுத்ததை வச்சோம் மேடம். மத்தது எல்லாம் அதுக்கு முன்னாடி வருசங்கள்ல வாங்குனது."

பண்டிகையில் எடுத்தது என்றால் சிஸ்டர் வீட்டுக் குச்சி. இலைகளைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு நேரே சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் தாய்க்கொடி தகதகவென்று சிவந்து நின்றது. அப்படி ஒரு அழகு. சிஸ்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீகளா மேடம், இப்ப ரெண்டு வருசமா எப்படிச் செவக்குன்னு! போன பண்டிகைக்குப் பீடத்தைச் சுத்தி இந்த இலையைத்தான் தோரணமாக் கட்டுனோம். ஆளுக்கொரு கொத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாக. குச்சியும் செவந்த கொப்பாப் பாத்துத்தான் வெட்டுனேன். ஆண்டவருக்குக் குடுக்கிறது இருக்கிறதுலயே அழகானதா இருக்கணும்லா?"

பச்சையாக இருந்த நல்ல கொப்புகளை விட்டுவிட்டு, நோய் முற்றிச் சிவந்ததாகத் தேடித்தேடி வெட்டியிருக்கிறார். வேறு ஊராக இருந்தால் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். கடைக்குக் கன்று விற்கிறவன் திடமான குச்சியைப் பார்ப்பான். சிஸ்டர் காணிக்கை வைக்கிறவர், அதனால் அழகைப் பார்த்தார்.

"ஒரு இலையைப் பரிசோதனைக்கு எடுத்துக்கிடட்டுமா சிஸ்டர்?" என்றேன்.

"ரத்தம் எடுக்கிற மாதிரியா? எடுங்க, எடுங்க" என்று சிரித்தார். திரும்பும்போது திண்ணையில்லாத அந்த வீட்டு வராந்தாவைப் பார்த்தேன். இந்த வருடப் பண்டிகைக்கான கன்றுகள் பைகளில் துளிர்விட்டு வரிசையாக நின்றன.

பரிசோதனை முடிவு, பண்டிகைக்கு முந்தின வாரம் வந்தது. தாய்க்கொடியிலும், செல்வத்தின் சிவந்த கொடிகளிலும் இலைச்சுருள் வைரஸ். தாய்க்கொடி போக வேண்டும், கடைசி இரண்டு வருடத்தில் பிறந்த அதன் பிள்ளைகள் எல்லாம் போக வேண்டும், வராந்தாவில் நிற்கிற பைகளும் போக வேண்டும். விட்டால் மாவுப்பூச்சி ஒரு கொடியிலிருந்து மறு கொடிக்குக் கொண்டுபோய், காளீஸ்வரியின் ஏக்கர் முழுக்கச் சிவந்துவிடும். அவள் மறுபடி பட்டாசு ஆலைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அவளே சொன்னாள். "போகச் சொன்னாப் போறேன் மேடம். ஆனா வெடிமருந்து வாசம் வந்தாலே இன்னமும் வெளிய ஓடணும்போல இருக்கு."

அவ்வளவு தெரிந்த செல்வமே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைக் கேளுங்கள்.

"நான் எங்கொடியப் பிடுங்கிக்கிடுதேன் மேடம். சிஸ்டர்கிட்ட மட்டும் சொல்லாதீக. காளி வயித்துல எம்மவ தொப்புள்கொடி சுத்திக் கெடந்தப்போ ஆம்புலன்ஸ்ல கூடவே ஏறி வந்து தாயும் பிள்ளையுமாத் திருப்பித் தந்தது அவுகதான். அவுக குடுத்ததுல சீக்குன்னு எப்படிச் சொல்ல? நான் ஒளுங்கா உரம் வைக்கலன்னு சொல்லிருங்க. எம்மேல பளி வந்தா வந்துட்டுப் போகுது."

கோயில் கமிட்டிச் செயலாளர் என் வீடு தேடி வந்தார். நல்ல மனுஷர். "பண்டிகை முடியட்டும் மேடம். சத்துக் கொறவுன்னு இப்போதைக்குச் சொல்லி வைங்க. சார் போனதுக்கு அப்புறம் அந்தம்மா சிரிச்சதே அந்தக் கொடியாலதான். அதுல கை வச்சோம்னா ஆளு ஒடிஞ்சிருவாக" என்றார்.

'சத்துக் குறைபாடு' என்கிற வார்த்தை இருக்கிறதே, அது நம் துறையில் எல்லோர் பையிலும் கிடக்கும். யாரையும் நோகடிக்காது. ஒரு மூட்டை உரத்தோடு முடிந்துவிடும். அன்று ராத்திரிச் சாப்பாட்டை அளைந்துகொண்டே அந்த வார்த்தையைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சொல்லியிருந்தால் ஒருவரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பைகள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலாவது பூசணிக்காய் அதே இடத்தில் கிடக்கும். இது கிடக்காது, வீடு வீடாய் நடக்கும். இன்னொன்றும் தோன்றியது. எல்லோரும் சிஸ்டர்மேல் இருக்கிற பிரியத்தில் அவரை ஒன்றும் தெரியாத பிள்ளையாக்கிக்கொண்டிருந்தோம். அவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குக் கெட்ட செய்தி சொல்லிப் பக்கத்தில் நின்றவர்.

காலையில் போனேன். காபி கொடுத்தார். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன், பஸ் தாமதமாக வந்ததைப் பற்றிப் பேசினேன். டம்ளர் காலியாகும் வரை பொறுத்தார்.

"மேடம், டாக்டர் சொந்தக்காரங்களைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுறதை நான் எம்புட்டோ பாத்திருக்கேன். அன்னைக்கு நோயாளி மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? அவன் நம்ம கண்ணையேதான் பாத்துக்கிட்டு இருப்பான். நேத்துலருந்து செயலாளர் என் கண்ணைப் பாக்க மாட்டேங்கிறாரு. செல்வம் தெருவுல என்னைக் கண்டா ஒதுங்குறான். சொல்லுங்க."

சொன்னேன். மென்று முழுங்காமல் முழுவதையும் சொன்னேன். சிவப்பு அழகில்லை, நோய் என்பதையும் சொன்னேன்.

அவர் முதலில் கொடியைப் பற்றிக் கேட்கவில்லை. "பழம் தின்ன பிள்ளைகளுக்கு?" என்று கேட்டார்.

"மனுஷருக்கு ஒண்ணும் செய்யாது சிஸ்டர். இது கொடிக்கு மட்டும் வர்ற வைரஸ்."

"யார் யாருக்குப் போயிருக்கு?"

"போன ரெண்டு பண்டிகையில எடுத்தவங்களுக்கு. அதுல செல்வம் தோட்டந்தான் பெருசு."

"மருந்து?"

"கிடையாது சிஸ்டர்."

எழுந்து கிணற்றடிக்குப் போனார். கொடியின் அடித்தண்டில், மனுஷர் முதுகில் வைக்கிற மாதிரி, உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அழுதார். சத்தமாகவே அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன், நானும் அழுதேன். அதிகாரி அழக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. இருந்தாலும் கவலையில்லை.

கொஞ்சம் ஆறியதும் என்னைக் கேட்டார். "சார் வச்சது எங்கயாச்சும் மிச்சம் இருக்குமா மேடம்?"

இருந்தது. செல்வம் தோட்டத்தில் பச்சையாக நின்ற கொடிகள் எல்லாம், தாய்க்கொடிக்கு நோய் வருவதற்கு முன்னால் வெட்டிய குச்சிகள். அதைச் சொன்னால் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவற்றுக்குப் பக்கத்திலேயே மாவுப்பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் வெளியே தெரிய நாளாகும். இன்றைக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாளைக்கு அதுவும் இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. "தெரியல சிஸ்டர். பாக்கணும்" என்றேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தியைச் சொல்ல மட்டும் தைரியம் வேண்டும் என்பதில்லை, நல்ல செய்தியைச் சோதித்துப் பார்க்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும் தைரியம் வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? 'திராட்சைக்கும் கொரோனா வந்திருச்சாம்' என்று டீக்கடையில் பேச்சு. இன்னொரு பக்கம், கோயிலில் ஜெபம் பண்ணிக் கொடுத்த கன்றைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். நான் ஏழெட்டு வீட்டில் பேசிப் பார்த்தேன். தலையை ஆட்டினார்களே தவிர ஒருவரும் மண்வெட்டியை எடுக்கவில்லை.

பண்டிகையன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காணிக்கை படைக்கிற நேரம் வந்ததும் சிஸ்டர் வெறுங்கையோடு எழுந்து முன்னால் போனார். சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"இந்த வருசம் என்கிட்டக் கொண்டுவர ஒண்ணுமில்ல. ரெண்டு வருசமா நான் கொண்டுவந்தது சீக்கு. எனக்குத் தெரியாது, அழகுன்னு நெனச்சுட்டேன். ஆண்டவருக்குக் குடுத்ததைப் பிடுங்கக் கூடாதுன்னு பயப்படுதீகளாம். அவரு சீக்கை வாங்கிக்கிட்டு ஆசீர்வாதம் பண்ண மாட்டாரு. நேத்து சாயங்காலம் சார் வச்ச கொடிய வேரோட எடுத்து எரிச்சிட்டேன். நாளைக்கு உங்க வீட்டுக்கு வாறேன். நான் குடுத்ததை நானே எடுத்துக்கிடுதேன். யாரும் பாவம் செஞ்ச மாதிரி நெனைக்க வேண்டாம்."

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அப்போதுதான் தெரியும். கொடியை எடுக்க ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன், அவர் காத்திருக்கவில்லை.

மறுநாள் சொன்னபடி வந்தார். நான் அடையாளம் காட்டினேன், செல்வம் தோண்டினார், சிஸ்டர் ஒவ்வொரு கொடியிலும் முதல் கையை வைத்து இழுத்தார். அந்தக் கை பட்ட பிறகு எந்த வீட்டிலும் மறுப்பில்லை. கடைசியாகச் செல்வத்தின் தோட்டம். அங்கே செல்வம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். "நீங்க பிடுங்குறதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது சிஸ்டர்" என்று வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். காளீஸ்வரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அதை எடுத்தாள். இரண்டு பெண்களுமாகத்தான் அந்த ஏக்கரைச் சுத்தம் செய்தார்கள். சிவந்த கொடிகள் போன இடமெல்லாம் பந்தலில் ஓட்டை ஓட்டையாக வெயில் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான வேலை. மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிற எறும்பை ஒழித்தோம், பட்டையை உரித்துப் பூச்சியைத் துடைத்தோம், ஓட்டைகளில் அவசரப்பட்டு எதையும் நடாமல் விட்டோம். பச்சைக் கொடிகளின் இலைகளைப் பருவத்துக்குப் பருவம் பரிசோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் இரண்டு கொடியில் நோய் தெரிந்தது, அவையும் போயின. மற்றவை நின்றன. பழம் கருநீலமாக ஏறியது. காளீஸ்வரி ஆலைக்குப் போகவில்லை.

அடுத்த பண்டிகை நெருங்கும்போது அவள் சிஸ்டர் வீட்டுக்கு ஒரு கன்றுப் பையோடு போயிருக்கிறாள். அவள் தோட்டத்தின் நடுவிலிருந்த மூத்த கொடியில் வெட்டி வேர்விட வைத்த கன்று. "உங்க வீட்டுக் கொடிதான் சிஸ்டர். சீக்கு வரும் முன்னாடி நீங்க எங்களுக்குக் குடுத்தது" என்று சொல்லியிருக்கிறாள். யார் இருந்தாலும் வாங்கி அணைத்துக்கொண்டிருப்பார்கள். சிஸ்டர் அதைக் கேட்டுக்குள் விடவில்லை. "இந்தக் கன்னு இலையைப் பாத்தாச்சா? தாய்க்கொடி நல்லா இருந்தாப் பத்தாது தாயி, இதைப் பாக்கணும்" என்று சொல்லி, பையைக் கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலியில் வைத்து, மேலே கொசுவலையைப் போட்டு மூடிவிட்டு, எனக்குப் போன் செய்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் யாருக்கு என்ன சீக்கு என்று விசாரித்துவிட்டுப் போனார்களாம். காளீஸ்வரிக்கு முதலில் கோபம். பிறகு அவளே தினமும் வந்து வலையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் அனுப்பிய கடைசி இலை அதுதான். முடிவு வந்த அன்று திருத்தங்கல் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கும்வரை பொறுக்கவில்லை, கூட்டத்துக்கு நடுவிலேயே போன் போட்டேன்.

"சிஸ்டர், சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்ற வந்த காளீஸ்வரியின் குரலும் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே வாசலைப் பார்த்து அவர் சொன்னது கேட்டது.

"காளி, கேட்டைத் தெறந்து சாரை உள்ள கூட்டிட்டு வா."